அழுகைக்கு எத்தனை மார்க்?

மிஸஸ் அக்ராய்ட் அழ ஆரம்பித்ததும் ரோவனுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வந்து உட்கார்ந்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பொலபொலவென்று கண்ணீர்! ஹிலரி நல்ல நடிகையாகத்தான் பிடித்திருக்கிறார்.

ஹாலிஃபாக்ஸில் இருக்கும் அந்தச் சின்ன வக்கீல் ஆபீஸுக்கு ஹிலரிதான் முதலாளி. ரோவன் அங்கே இரண்டு வருஷமாகப் பயிற்சியில் இருக்கிறான். எழுத்துப் பரீட்சையில் எல்லாம் புலி. சொலிசிட்டர் எனும் முழு வக்கீல் ஆவதற்குக் குறுக்கே நிற்பது கட்சிக்காரரோடு பேசிக் காட்டும் பரீட்சை மட்டும்தான்.

அதில் ஒரு நடிகை கட்சிக்காரராக வந்து எதிரே உட்காருவார். அழுவார், சிடுசிடுப்பார், முக்கியமான ஒரு விஷயத்தை மட்டும் மூடி வைத்திருப்பார். இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அதைக் கறக்க வேண்டும். மார்க் போடுவதும் அந்த நடிகையேதான்.

ரோவன் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டான். எதிரே யாராவது அழுதால் போதும், பதறிப்போய்ச் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவான். மொத்தம் மூன்று வாய்ப்புதான். மூன்றாவது, வருகிற வியாழக்கிழமை மான்செஸ்டரில். அதுவும் போனால் அதோடு சரி.

அதனால்தான் பழகிப் பார்க்கட்டும் என்று உள்ளூர் நாடகக் குழுவிலிருந்து ஒரு அம்மாவை இன்று இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் ஹிலரி. ரோவன் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், நனைந்த கோட்டோடு இந்த அம்மா கால் மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிறார்.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று அவனே உள்ளே கூட்டிப்போனான். ஹிலரி அவனை ஒரு மாதிரி ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு பேசாமல் பின்னாலேயே வந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்.

"நல்லா அழுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று டிஷ்யூ பெட்டியை நகர்த்தினான் ரோவன். எல்லாம் நடிப்பு என்று தெரிந்ததால் சட்டப் பிரிவு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நீ நல்ல பிள்ள, கண்ணு. உயில மாத்தி எழுதணும். வீடு என் பொண்ணுக்கு மட்டும்தான் போகணும். அவ புருஷனுக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது."

"மாப்பிள்ளையோட ஒத்துவராதா?"

"டெரெக்கா? அவன் சிரிச்சா, ஓட்டைக் கார நம்ம தலையில கட்டுற மாதிரியே இருக்கும்."

"கார் விக்கிறாரா?"

"அதையாவது ஒழுங்கா வித்தாத் தேவலையே!"

ரோவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் அழுகைக்கு நடுவே சிரித்தார். பேரு, ஊரு, வீட்டு விவரம் எல்லாம் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டான். இனி ஒளித்து வைத்திருக்கும் விஷயம்தான் பாக்கி.

"வேற ஏதாவது மனசப் போட்டு அரிக்குதா? யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கிறது?"

அந்த அம்மா கைப்பையின் வாரை முறுக்கினார். ஜன்னலில் மழை அடித்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் அவன் சட்டத்தை எடுத்து விடுவான். இந்தத் தடவை வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"பொண்ணுக்குக்கூடத் தெரியாது" என்றார் மிஸஸ் அக்ராய்ட். "போன செவ்வாக்கிழமை டெரெக் ஒரு பேப்பரக் கொண்டுவந்தான். வீட்டுக்குக் கட்டுற கவுன்சில் வரியில தள்ளுபடி வாங்கறதுக்கு, கையெழுத்துப் போடுங்கன்னான். கண்ணாடி கையில இல்ல. படிக்காமலே போட்டுட்டேன்."

கைப்பையிலிருந்து அந்தப் பேப்பரின் நகலை எடுத்து நீட்டினார். டீக்கறை, ஒரு மூலையில் நாய் கடித்த பல் அடையாளம். அடேயப்பா, நாடகக்காரர்கள் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே படித்தான். மூலையில் ஹிலரியின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"உங்க மேல தப்பே இல்ல" என்றான் ரோவன். "ஆனா இது வரிப் பேப்பர் இல்லம்மா. வீட்ட டெரெக் பேருக்கு மாத்திக் குடுக்கற பேப்பர். பயப்படாதீங்க. இன்னும் பதிவாகலேன்னா இன்னிக்கே தடுக்கப் பாப்போம். பதிவாயிருந்தாலும் சும்மா விட மாட்டோம். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அவர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீங்க."

மிஸஸ் அக்ராய்ட் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அன்னிலேர்ந்து சரியாத் தூக்கமில்ல கண்ணு. இத நீதான் பாக்கணும். வேற யார்கிட்டயும் குடுத்துடாத."

ஹிலரி எழுந்து அவரை வெளியே கூட்டிப்போய், டீ கொடுக்கச் சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பி வந்தார். கதவைச் சாத்திய கையோடு போனை எடுத்தார்.

ரோவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "ஹிலரி, எங்க புடிச்சீங்க இந்தம்மாவ? என்னா அழுகை! நாய் கடிச்ச பேப்பரெல்லாம் கொண்டாந்து... போகும்போதுகூட வேஷத்தக் கலைக்கலையே! சரி சொல்லுங்க, எனக்கு எத்தன மார்க்?"

நிலப் பதிவு ஆபீஸ் நம்பரைப் பாதி அழுத்தியிருந்த ஹிலரியின் விரல் நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரோவன், அந்த நடிகைக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்ப்பா, நாளைக்குத்தான் வர்றாங்க."