ரயிலடியில் அவள் சொன்னது

ரயிலடியில் அந்தப் பெண் உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்டால், ஆல்டோவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் சொல்லாததுதான் அவனுக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

படத்தின் டிஸ்க் வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, சோலையப்பன் கேம்ப் அறையின் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார். அந்த அறையின் மூன்று பேரில் மூத்தவர் அவர். சாரம் கட்டுகிற வேலை. வீரபாண்டி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் தன் பழைய லேப்டாப்பை வைத்தான்.

கை கழுவப் போன ஆல்டோ வரவில்லை.

அது மெக்ஸிகோவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். கத்தாரில், ராஸ் லஃபானில் வால்வு வேலைக்கு வந்திருந்த அந்த நாட்டு என்ஜினியர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் படம் இருந்த தன் பென்டிரைவை ஆல்டோவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எப்போதோ டிவியிலிருந்து பதிவு செய்தது. எல்லார் முகத்திலும் கோடு கோடாக மழை பெய்தது. கடைசிக் கால் மணி நேரம் கிடையாது. பேச்சு ஸ்பானிஷ், கீழே எழுத்தும் வராது.

"உனக்குப் புரியுமேடா" என்றான் வீரபாண்டி, முதல் தடவை போட்டபோது. "உன் பேரே அந்த ஊர்க்காரன் பேராட்டம்தானே இருக்கு."

குளச்சல் கடற்கரையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பேர் என்று ஆல்டோ சொல்லியிருக்கலாம். என்ஜினியரோடு சுற்றியதில் 'திற', 'மூடு', 'மெதுவாக' தவிர ஒன்றும் தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்ல ஆரம்பித்தான்.

வடக்கே வேலைக்குக் கிளம்பும் கணவன். ரயிலடியில் முக்காட்டோடு நிற்கும் மனைவி. ரயில் நகரும்போது அவள் வாய் திறந்து ஏதோ சொல்கிறாள்.

"'போகாதேன்னு நான் சொன்னது கோவத்துல இல்ல. ஒத்தையில இருக்க எனக்குப் பயம்'ங்கா" என்றான் ஆல்டோ.

சோலையப்பன் எழுந்து வெளியே போனார்.

போன லீவு முடிந்து கிளம்பும்போது, "போனா அங்கேயே கெட" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டவள் அவர் மனைவி ஜோதிமணி. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. அன்றைக்கு வராந்தாவில் நெடுநேரம் போனோடு நின்றார்.

திரும்பி வந்து, "இவளும் அதேதான் சொல்றா" என்றார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்தை மறுபடி போடச் சொல்வார். ஆல்டோ மறுபடி சொல்வான்.

பழைய படங்களைச் சுத்தம் செய்து டிஸ்காகப் போடும் சின்னக் கம்பெனி ஒன்று வெளிநாட்டில் இருப்பதை வீரபாண்டிதான் கண்டுபிடித்தான். அடுத்து எந்த மெக்ஸிகோ படம் வேண்டும் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் கேட்கும்போதெல்லாம், மற்ற ரசிகர்கள் முகமூடி மல்யுத்தப் படங்களையும் பேய்ப் படங்களையும் கேட்பார்கள். இந்தப் படத்தைக் கேட்டது ஆல்டோ மட்டும்தான். போன் எழுதித் தந்த ஆங்கிலத்தில் விடாமல் கேட்டான். ஒருமுறை அங்கிருந்து யாரோ, 'எனக்கும் அந்தப் படம் உயிர்' என்று பதில் போட்டார்கள். அன்று முழுக்க சைட்டில் அவன் சிரித்த முகமாகவே திரிந்தான்.

அந்தப் பெண்ணின் முகத்தைக் கோடில்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும். போனவன் திரும்பி வந்தானா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

டிஸ்க் வருகிறது என்று கம்பெனி அறிவித்த பிறகுதான் உறைத்தது: கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும்.

அவன் சொன்ன ஒரு வரியை நம்பித்தான் சோலையப்பன் வீட்டுக்குப் பேசினார். அந்த வரியே பொய் என்றால்?

"என்னடா, கையைக் கழட்டி வச்சுக் கழுவுறியா?" என்று வீரபாண்டி சத்தம் போட்டான்.

வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

"நமக்கு இந்த இங்கிலீஷெல்லாம் ஓடாதுப்பா. வீரபாண்டி, நீயே தமிழ்ல சொல்லிரு" என்றார் சோலையப்பன், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டபடி.

படம் ஓடியது. மழை விட்டிருந்தது. அவள் முக்காட்டின் பூவேலைகூடத் தெரிந்தது. வீரபாண்டி தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டே வந்தான். ஆல்டோ இத்தனை நாள் மாமனார் என்று சொல்லி வந்தவர், ஊர்ப் போலீஸ்காரர்.

"மாமனாருக்குப் போலீஸ் வேலை கெடச்சிருச்சு போல" என்றார் சோலையப்பன். ஆல்டோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

ரயிலடி வந்தது. ரயில் நகர்ந்தது. அவள் வாய் திறந்தாள்.

திரையில் மூன்று சொற்கள்.

ஆல்டோ வாசித்தான். அதில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அவன் வரிக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

வீரபாண்டியும் வாசித்தான். படத்தை நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"போகாதேன்னு நான் சொன்னது கோவத்துல இல்ல" என்றான் வீரபாண்டி. "ஒத்தையில இருக்க எனக்குப் பயம்."

மூன்று சொற்களுக்கு அது கொஞ்சம் நீளம்தான்.

சோலையப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆல்டோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இதையாவது சரியாச் சொன்னியே."

கடைசிக் கால் மணி நேரத்தை மூன்று பேரும் பார்த்தார்கள். அதில் யாரும் பேசவேயில்லை; வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வீரபாண்டி இப்போது குவைத்தில், ஃபஹாஹீலில் வேலை பார்க்கிறான். ஆல்டோ அதே அறையில் இருக்கிறான். இன்னொரு படத்தைப் போடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். சோலையப்பன் வேலையை முடித்துக்கொண்டு ஜோதிமணியிடமே போய்விட்டார். சாயங்காலங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்.

இங்கிலீஷ்.