நாக்கு நீட்டிய கம்ப்யூட்டர்

வைரஸ் அண்டக்கூடாதென்று தன் போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் தலையில் ஈஸ்டர் தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்து, அதைப் பரலோகத்துக்கே அனுப்பி வைத்தவர் ரொனால்டு. இப்போது மதுரையிலிருந்து வந்த புதுப்பெட்டி மேசையில் உறுமுகிறது. நற்கருணைக்கு நாக்கு நீட்டுவதுபோல் சிடித் தட்டை நீட்டிக் காத்திருக்கிறது. கல்யாணப் படங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே நகலை எடுக்க, சிடி உறையைத் திறக்கிறார். காலி. கவிழ்த்து உதறுகிறார். காலிதான். எதிர் ஸ்டூலில் மலர்விழி, மஞ்சள் வெளுக்காத தாலிக்கயிற்றைத் திருகியபடி உட்கார்ந்திருக்கிறாள். புதுத்திரையின் நீலம் அவள் முகத்தில் படிந்திருக்கிறது. மேடையில் அவள் தோளைப் பிடித்து நின்ற அப்பா மறுவாரமே இறந்துபோனார். அவருக்கு வேறு படமே கிடையாது. “செத்த நேரம் இரும்மா” என்று ரொனால்டு சிரிக்கப் பார்க்கிறார், உதடு ஒத்துழைக்கவில்லை. “பிரிஸ்கில்லா, இதுக்குள்ள இருந்த சிடி எங்க?” மனைவி ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்கிறாள். “இங்கிட்டுத்தான் கெடக்கும், நல்லாத் தேடுங்க.” துடைத்த இடத்தையே துடைக்கிறாள். “எங்கடி?” துணி நிற்கிறது. “வெள்ளோட்டுல நம்ம தோட்டத்துல, திராட்சைப் பந்தல்ல தொங்குதுங்க. போட்டுப் பாத்தேன், பாட்டே வரல. சரின்னு கிளி வெரட்டக் கட்டிட்டேன். நடு ஓட்டையில கட்டுனா ஆடமாட்டேங்குது. அதான் ஓரத்துல ஆணியடிச்சேன்.”