கும்பிடும் பொம்மை

பிரவீன்குமார் நூலை இழுத்தான். பொம்மை இடுப்பை வளைத்துக் கும்பிட்டது.

விட்டான். நிமிர்ந்தது.

ஒரு சாண் உயர மரப்பொம்மை, பண்ணையாள் உருவம். தார்க் கறுப்பு. பாதி முகத்துக்குச் சிவப்பு உதடு. தோளில் இருக்க வேண்டிய துண்டு இடுப்பில் இறுகக் கட்டியிருந்தது.

மணலூர்பேட்டையின் அந்தப் பழைய வீட்டை அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். வாசல் கதவும் ஊஞ்சல் பலகையும் வெளியே நின்ற மினி லாரியில் ஏறிவிட்டன. பழைய சாமான் வாங்கி இணையத்தில் விற்கும் பிரவீன்குமார் கடைசியாக டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். பரணிலிருந்து அதை இறக்கிக் கொடுத்தவள் செவ்வந்தி. இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை செய்பவள். இப்படி ஒரு பொம்மை இருப்பது இன்று காலைதான் அவளுக்குத் தெரியும்.

“இத விக்கக் கூடாதுப்பா,” என்றாள் ஷாலினி. வீட்டுக்காரரின் மகள், சட்டம் படிக்கிறவள். “எவன் வூட்டு ஷோகேஸ்லயோ இவரு கும்பிட்டுக்கினே நிக்கணுமா? எரிச்சிடுங்க.”

“எரிச்சிட்டா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு ஆயிடும் மேடம்,” என்றான் பிரவீன்குமார்.

“நடந்ததுக்கு விலை போடுவீங்களா?”

வீட்டுக்காரர் தீனதயாளன் சிரித்தார். “என் பொம்மைக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க. அஞ்சு வயசுல இது கும்பிட்டாத்தான் நான் சோத்துக்கு வாயத் தொறப்பேனாம்.”

செவ்வந்தி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பொம்மை வேண்டும். அது லாரியில் ஏறக் கூடாது. அடுப்புக்கும் போகக் கூடாது.

கேட்டால், ஏன் என்பார்கள்.

பிரவீன்குமார் பொம்மையை வெளிச்சத்தில் பிடித்தான். “காது ஒடஞ்சிருக்கே சார். ரேட் கம்மியாவும்.” விரலால் தடவினான். “இல்ல, ஒடயல. செதுக்கும்போதே இடது காதுல மட்டும் ஒரு பள்ளம் வச்சிருக்கான். ஆசாரி யாரையோ பாத்துதான் செஞ்சிருக்கான். யாருன்னு தெரிஞ்சா டபுளாப் போகும் சார். அந்த ஆளு குடும்பத்துல யாராச்சும் இருந்தா, பக்கத்துல நிக்க வச்சி ஒரு வீடியோ. போதும்.”

“பண்ணையத்துல எத்தினியோ பேரு. யாருக்கு ஞாபகம்?” என்ற தீனதயாளன் திரும்பினார். “ஏம்மா செவ்வந்தி, உனக்குத் தெரியுமா?”

துடைப்பம் நின்றது.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்கள்.

“தெரியாதுங்க முதலாளி.”

பிரவீன்குமார் பொம்மையை அவளிடம் நீட்டினான். “தூசி தொடச்சிக் குடும்மா. வெயில்ல வச்சி கும்பிடுற மாதிரி வீடியோ எடுத்துக்கினு கெளம்பறேன்.”

அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனாள்.

பொம்மையைக் கவிழ்த்தாள். பாதத்தின் அடியில் ஒரு துளை. துளையிலிருந்து நூல். நூலின் முனையில் ஒரு பாசிமணி.

கூடத்தில் ஷாலினியின் குரல் உயர்ந்தது. அவளுடைய அப்பா ஏதோ சமாதானம் சொன்னார். யாரோ சமையலறைப் பக்கம் நடந்து வந்தார்கள்.

செவ்வந்தி நூலைப் பல்லில் வைத்தாள்.

உள்ளே ஸ்பிரிங் ஒருமுறை துள்ளியது. நூல் துளைக்குள் ஓடி மறைந்தது.

“நூல் எங்கம்மா?” பிரவீன்குமார் எதிரில் நின்றான்.

பாசிமணி அவள் நாக்குக்கு அடியில் இருந்தது. வாய் திறக்காமல் தலையை ஆட்டினாள்.

அவன் செல்போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பார்த்தான். பொம்மையின் இடுப்பை அழுத்தினான். வளையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஒடச்சாத்தான் எடுக்க முடியும் சார். கும்பிடலன்னா எவனும் வாங்க மாட்டான். வேலைக்காவாது.”

லாரி கிளம்பியது.

“நல்லதாப் போச்சு,” என்றாள் ஷாலினி. “செவ்வந்திக்கா, வெந்நி அடுப்புல போட்டுடுங்க. நான் மாடியிலேர்ந்து பாப்பேன், பொகை வரணும்.”

கொல்லையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செவ்வந்தி முந்தானையில் சுற்றியதை மார்போடு பிடித்தபடி, மறு கையால் ஈரத் தேங்காய் மட்டைகளை உள்ளே தள்ளினாள். புகை கெட்டியாக எழுந்தது. மாடி தெரியவில்லை.

“சரிக்கா,” என்று மேலிருந்து குரல் வந்தது.

மாட்டுக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். பாசிமணியை உள்ளங்கையில் துப்பினாள். முந்தானையைப் பிரித்தாள்.

இதே பண்ணையில் வேலை செய்த அப்பா செத்தபோது அவளுக்கு நாலு வயது. ஒரு போட்டோ கிடையாது. படையல் நாளில் வெறும் சுவருக்குத்தான் இலை போடுவாள். அப்பா அவளைத் தோள்மேல் உட்கார வைத்துக்கொண்டு திரிவார். விழாமல் இருக்க அவள் அவருடைய இடது காதைப் பிடித்துக்கொள்வாள். மாட்டுக் கொம்பு கிழித்த பள்ளம் அதில் இருந்தது. விரல் சரியாக அதில் உட்காரும்.

மேலிருந்து முகம் தெரியாது.

விரலைப் பொம்மையின் காதில் வைத்தாள். இப்போது நகத்தின் நுனிக்குத்தான் இடம் இருந்தது.

காது அப்பாவுடையது. மற்றதில் எது அப்பா, எது ஆசாரி என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

நகத்தால் உதட்டின் சிவப்பைச் சுரண்டினாள். உதிர்ந்தது. இன்னும் சுரண்டினாள்.

அடியில் வெறும் மரம்.