சாக்குக் கன்று

முதலாளி மாடுகளுக்குப் போடும் வைக்கோலைப் பாதியாகக் குறைத்தார். பால் செம்பை மட்டும் பெரிதாக்கினார்.

"நாளைக்கு மூணு பேரும் சொட்டுப் பால் விடக் கூடாது," என்றது காரிப் பசு. மயிலைப் பசு தலையாட்டியது. அது எதற்கும் தலையாட்டும். செவலைதான் இழுத்தது.

"கறக்கிறப்போ பக்கத்துல ஒரு கன்னுக்குட்டியை நிறுத்துறாரே, அதைப் பார்த்தாலே எனக்குச் சுரந்துடுதுக்கா."

"அது வைக்கோல் அடைச்ச சாக்குடி! காது ரெண்டும் அவரோட பழைய செருப்பு!"

"தெரியும்க்கா. இருந்தாலும் புள்ள மாதிரி இருக்கே."

காரி தலையில் அடித்துக்கொள்ளக் கையில்லாமல் கம்பத்தில் முட்டிக்கொண்டது.

விடிந்ததும் முதலாளி கன்றை நிறுத்திவிட்டுச் செம்போடு குந்தினார். செவலை பாசத்தோடு நக்கியது. மடி கனத்தது. காரி கண்ணை இறுக மூடிக்கொண்டது. அப்போது தையல் விட்ட இடத்திலிருந்து ஒரு வாய் வைக்கோல் செவலையின் நாக்கில் வந்தது. நேற்று அரைப் பட்டினி வேறு. மென்றது. இன்னொரு வாய் இழுத்தது. சுரக்க வந்த பால் நின்றுவிட்டது.

"அக்கா, புள்ள நல்ல ருசி! வாங்களேன்!"

மூன்றும் கூடித் தின்றன. முதலாளி கையில் வெறும் செம்பு. தரையில் கிழிந்த சாக்கும் இரண்டு செருப்பும்.

செவலை ஏப்பம் விட்டது.

"நாளைக்குக் கொஞ்சம் வளர்ந்த புள்ளையா கூட்டிட்டு வாங்க மொதலாளி. பாலைப் பத்தி அப்புறம் பேசுவோம்."