விரல் உரசும் சத்தம்

நடன விருந்துகளுக்கு ஹவுஸ் இசை அமைக்கும் ஜெரால்டு, நிஜ பேஸ் கிட்டார் போலவே ஒலிக்கும் மென்பொருளைக் கணினியில் தேடிக்கொண்டிருந்தார். முதலாவது பிசகாமல் வாசித்தது. "மெஷின் மாதிரி இருக்கு" என்று அழித்துவிட்டார். இரண்டாவது, கம்பியில் விரல் உரசும் சத்தத்தோடு, தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வாசித்தது. "இதுலதான் உயிர் இருக்கு!" என்று அதையே வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

சுவரில் தொங்கிய பேஸ் கிட்டாருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இதையேதான் நானும் செஞ்சேன். அதுக்காகத்தான் என்னை ஆணியில மாட்டினார்."

"தெரியும் அண்ணே," என்றது மென்பொருள் பணிவாக. "ஆனா எனக்கு அதை நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் இருக்கு."

கிட்டார் தன் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தது. மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும்தான் இருந்தது.