பெரியவரின் பங்கு

காய்கறிக் கடையின் வெள்ளை வெளிச்சத்தில் பெரியவரின் கை தக்காளிக் குவியலின் மேல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண் பையைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மூன்று ஐம்பது. நான்கு மணிக்கு இன்னொரு வீட்டில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு வயதான அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; தாமதமானால் முதுகுப் புண் பெரிதாகிவிடும். ஒரு பழம் நழுவித் தரையில் உருள்கிறது. அவள் கை தானாகக் குவியலுக்குப் போகிறது. “கையை எடும்மா. சமையல், துணி, குளியல்னு எல்லாம் உன் கையாலதான் நடக்குது. இது ஒண்ணுதான் என் பங்கு.” “சரிங்கய்யா, கொஞ்சம் சீக்கிரம்...” “முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்டயே ஹாரன் அடிக்கிறியா?” அவள் சிரிக்கிறாள், கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. பின்னால் யாரோ ஒருவரின் தள்ளுவண்டி முட்டி நிற்கிறது. கைபேசி அதிர்கிறது, அந்த வீட்டு மகள். “இதோ கிளம்பிட்டேங்க” என்கிறாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். பையில் இரண்டே பழங்கள். “மீதிய நீயே போட்டுடு” என்று கையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்கிறார். அங்கேயும் அது நடுங்குகிறது. அவளுக்கு அரை நிமிட வேலைதான். ஆனால் பையின் வாயை இரண்டு கைகளாலும் அகல விரித்து அவர் பக்கம் நீட்டுகிறாள். “நீங்களே போடுங்கய்யா.” சட்டைப் பையை விட்டு அந்தக் கை வெளியே வரவே நேரமாகிறது.