எந்தச் சிங்கம் போலி?

"மேல பாக்காதீங்க மேடம். உங்க கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் இந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு?"

விட்டேக்கர் இப்படிச் சொன்னதும் கார்லீன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனைக்கும் போலி எதுவென்று அவளுக்கே தெரியாது.

எதிரே இருந்த அந்தப் பழுப்புக்கல் கட்டடத்தில் முப்பது முதியவர்கள் தங்கியிருந்தார்கள். புரூக்ளினில் அந்த இல்லத்தை நடத்துவது அவள்தான். முகப்பில் வரிசையாகப் பன்னிரண்டு கல் சிங்கத் தலைகள். நூறு வருஷப் பனியிலும் மழையிலும் இற்றுப்போய், போன மாதம் ஒன்றிலிருந்து சில்லு பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. குளிர்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இல்லத்தையே மூடிவிடுவோம் என்று நகர நிர்வாகம் சொல்லிவிட்டது.

கல்லில் புதிதாகச் செதுக்க இரண்டு வருஷம் ஆகும். கண்ணாடி நார் கலந்த சிமென்ட்டில் வார்த்தால் ஒரே மாதம். ஆனால் அதற்குப் பாரம்பரியக் கட்டடக் குழு சம்மதிக்க வேண்டும். குழு என்பது பெயருக்குத்தான். அதன் தலைவர் விட்டேக்கர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள்.

"நிஜத் தலை ஒண்ணைக் கழட்டிட்டு, அந்த இடத்துல உங்க சிமென்ட் தலையை மாட்டுங்க. எதுன்னு கொத்தனாரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எதிர் நடைபாதையில நின்னு நான் கண்டுபிடிக்கலைன்னா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று அவரே சவால் விட்டிருந்தார். கொத்தனார் லெஷெக் இன்று விடிகாலையில் மாட்டிவிடுவதாக ஏற்பாடு.

விட்டேக்கர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு கிழவர், 'ஆச்சா?' என்று கையால் கேட்டார். அவள் கவனிக்காததுபோல் இருந்துவிட்டாள்.

"அதோ! இடது பக்கத்துலேருந்து அஞ்சாவது."

"எ... எப்படி சார் சொல்றீங்க?"

"மூஞ்சியில உயிரே இல்லையே! கல்லுன்னா வெயில் பட்டதும் ஒரு மினுமினுப்பு வரும். இது பிளாஸ்டிக் வாளியைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. முப்பது வருஷமா கல்லையே பாத்த கண்ணு மேடம், இதை ஏமாத்த முடியுமா?"

கார்லீன் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம், ஐந்தாவது கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. இதுவரை எப்படித் தோன்றாமல் போயிற்று?

"சார், கொஞ்சம் யோசிங்க. தொண்ணூறு வயசுல அவங்களை எங்க கொண்டுபோய் விடறது?"

"எனக்கும் வருத்தம்தான். அதுக்காக அந்தப் பொம்மையை அசல் கல்லோட உக்கார வெக்க முடியுமா? கையெழுத்துக் கிடையாது."

அவர் காரை நோக்கி நடந்தார். அதைக் கிளப்ப முடியாதபடி ஒரு குட்டி லாரி வந்து குறுக்கே நின்றது. லெஷெக் ஒரு சிங்கத் தலையை இடுக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கக் குதித்து இறங்கினான்.

"மன்னிச்சுக்குங்க மேடம், பாலத்து மேல லாரி படுத்துடுச்சு! அந்தக் குழுக்காரக் கிழவர் இன்னும் வரலதானே? இதோ, ஏதாவது ஒரு கல்லைக் கழட்டிட்டு இதை மாட்டிடறேன்!"